ஜாக்கி மேல் நிற்கும் வீடு

விசில் ஊதியாச்சு. இப்போ கீழே சுவரைச் சுத்தி அத்தனை பேரும் குனிஞ்சு ஆளுக்கொரு ஜாக்கிக் கம்பியைப் பிடிச்சிருப்பாங்க. "கால் சுத்து! கால் சுத்துதான், எவனும் கூட சுத்தாதே!"ன்னு ஏழுமலை மேஸ்திரி கத்தறார். அப்புறம் அந்தச் சத்தம், தூக்கத்துல யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி, சுவருக்குள்ளேர்ந்தே வருது. வந்து நிக்குது. அவ்வளவுதான், வீடு ஒரு நூல் அளவு மேலே ஏறிடுச்சு. வீட்டோட மாடியறையும், மாடியறையோட கட்டிலும், கட்டிலோட நானும், எனக்குள்ளே நீயும். ஏறினியா மொச்சை? ஏறினேன்னு ஒரு உதை விடேன். ஒண்ணே ஒண்ணு. சும்மா காலை நீட்டற மாதிரியாவது. காலையில கண்ணு முழிச்சதுலேர்ந்து நீ அசையவே இல்ல. இல்ல, அசைஞ்சியோ? பல்லு தேய்க்கிறப்போ இடது விலாப்பக்கம் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்துச்சே, அது நீயா, வாயுவா? நேத்து சாயங்காலம் நல்லாத்தான் குதிச்ச. உங்கப்பா கையை வெச்சுப் பார்த்துட்டு, இவன் ஃபுட்பால் ஆடறான்னார், நான், ஏன் அவ ஆட மாட்டாளான்னேன், அதுக்கும் ஒரு உதை விட்ட. அப்புறம் ராத்திரி நான் அசந்து தூங்கிட்டேன். தூங்கியிருக்கக் கூடாதோ. ஏழு மாசக் குழந்தை நாள் பூரா ஆடிக்கிட்டே இருக்குமா என்ன, அதுவும் தூங்கும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. போட்டிருக்குன்னு தெரிஞ்சும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டேன். சிஸ்டர்தான் எடுத்தாங்க. ஏதாவது இனிப்பா சாப்பிட்டுட்டு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கம்மா, ஒரு மணி நேரம் கவனிச்சுப் பாருங்க, அப்பவும் அசைவு தெரியலைன்னா தாமதிக்காம கிளம்பி வந்துடுங்கன்னாங்க. கரெண்ட் போயிருக்கு, ஒரு மணி நேரத்துல வந்துடும்னு சொல்ற குரல்லயே சொன்னாங்க. அந்த ஒரு மணி நேரம்தான் இப்போ ஓடிட்டிருக்கு. வெல்லமும் பொட்டுக்கடலையும் சாப்பிட்டாச்சு. இடது பக்கமா படுத்தாச்சு. இனிமே உன் வேலைதான் பாக்கி.

கிளம்பி வாங்கன்னு ஈஸியா சொல்லிட்டாங்க. எப்படிக் கிளம்பறது? கீழ்த்தளத்துல தரையே இல்ல, சுவரோரமா எல்லாம் தோண்டிப் போட்டு, இரும்பு உத்தரமும் ஜாக்கியுமா இருக்கு. மாடிப்படியோட கடைசிப் படி தரையைத் தொடாம அந்தரத்துல தொங்குது, அதுக்குக் கீழே கல்லை அடுக்கி வெச்சிருக்காங்க, அதுவும் ஆடுமாம். என்னை மேலே கொண்டாந்தப்போ நாற்காலியில உட்கார வெச்சு உங்கப்பா லோகுவும் மேஸ்திரியும் தூக்கிட்டு வந்தாங்க, கல்யாண ஊர்வலம் மாதிரி. கர்ப்பப்பை வாயில தையல் போட்டு அனுப்பியிருந்தாங்க, படி ஏறக் கூடாது, இறங்கக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது, பாத்ரூம் தவிர எதுக்கும் எழுந்திருக்கக் கூடாது. ஊருக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போறேனேன்னு கேட்டதுக்கு டாக்டரம்மா, திருவண்ணாமலைக்கா, நம்ம ரோட்டுலயான்னு ஒரு பார்வை பார்த்தாங்க. கட்டிலோட கால்மாட்டுல செங்கல் வெச்சு உயர்த்தச் சொன்னாங்க. மேஸ்திரியே செங்கல் கொண்டுவந்து, ரசமட்டம் வெச்சுப் பார்த்து, கோணாம மாணாம அடுக்கிட்டு, "இந்த வீட்ல தூக்காதது எதுவும் இல்லம்மா இப்போ"ன்னு சிரிச்சார். நல்ல மனுஷன். சும்மா படுத்திருந்தா மனசு கெட்டுப் போகும்னு எனக்கு ஒரு வேலையும் கொடுத்திருக்கார். எதிர்ச் சுவர்ல பழைய விரிசல் ஒண்ணு இருக்கு இல்ல, அதோட ரெண்டு பக்கமும் பென்சிலால கோடு போட்டிருக்கார். ஒவ்வொரு விசிலுக்கும் அந்தக் கோடு விலகுதான்னு நான் பார்த்துச் சொல்லணும். "நீங்கதான் எங்க சூப்பர்வைசர்." இத்தனை நாளும் கண்ணைக் கொட்டாம பார்த்தேன், கோடு விலகல. இன்னிக்கு அதைப் பார்க்கவே இல்ல. விலகினா விலகட்டும். இன்னிக்கு எனக்கு வயித்தைத் தவிர வேற சுவர் கிடையாது. விசில். கால் சுத்து. பல்லைக் கடிக்குது. நின்னுடுச்சு. நீ?

எதுவும் இல்ல. சரி, தூங்கு. தூங்கற குழந்தையை எழுப்பக் கூடாதும்பாங்க. ஆனா இவ்வளவு சத்தத்துலயா தூங்கற, உங்கப்பன் மாதிரி. அவர் அப்படித்தான், பக்கத்துல இடி விழுந்தாலும் குறட்டை நிக்காது. போன ஐப்பசி மழையில கீழே படுத்திருந்தவர் ராத்திரி தண்ணி கட்டிலைத் தொட்டதுக்கப்புறம்தான் எழுந்தார். ஏரியைத் தூர்த்து மனை போட்டு வித்தது ஒரு பக்கம், வருஷா வருஷம் பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலயே புது ரோடு போட்டது ஒரு பக்கம். நான் கல்யாணமாகி வந்தப்போ ரோட்டுலேர்ந்து வாசலுக்கு மூணு படி ஏறி வந்தேன். இப்போ ரோட்டுலேர்ந்து வாசலுக்கு இறங்கணும். வீடு முழுகலை, ரோடுதான் எழுந்துடுச்சு. மழை நாலு நாள் பெஞ்சா ஏரித் தண்ணி, சாக்கடைத் தண்ணி, பக்கத்துத் தெரு செப்டிக் டேங்க், எல்லாம் சேர்ந்து நம்ம வீட்டுச் சமையலறையில வந்து உட்காரும். அத்தை, அதான் உங்க பாட்டி, முழங்கால் தண்ணியில நின்னு அடுப்பு மேடையில உப்புமா கிளறினாங்க, புடவையை இடுப்புல செருகிக்கிட்டு, தண்ணியில ஒரு தவளை, அதைக் கரண்டியால தட்டிவிட்டுட்டு, "போ, உனக்கு இல்ல"ன்னு சொன்னாங்க. நான் சிரிச்சேன். அன்னிக்குச் சிரிப்பு வந்துச்சு. நீ கார்த்திகையில பொறப்பன்னு தெரிஞ்சதும் அந்தச் சிரிப்பு எல்லாம் போயிடுச்சு. மாடியில இருக்கறது இந்த ஒரே அறை, சமையல் எல்லாம் கீழேதான், பச்சைக் குழந்தையோட அந்தத் தண்ணிக்கு மேல எத்தனை நாள் அடைஞ்சு கிடக்கறது? வீட்டைத் தூக்கிடலாம்னு லோகு முன்னாடியே பேசி வெச்சிருந்தார், இந்த ஆளுங்க வேற வீடுகளை முடிச்சுட்டு நம்ம வீட்டுக்கு வர்றதுக்குள்ளே நீ வந்துட்ட. மழைக்கு முன்னாடி முடிக்கணும், இல்லைன்னா அடுத்த வருஷம்தான். கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. அத்தை ஒருத்தங்கதான் ஒத்துக்கலை.

மாசமா இருக்கறவ இருக்கற வீட்ல மண்ணை வெட்டக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது, ஆணி கூட அடிக்கக் கூடாது. அம்மிக்கல்லை நகர்த்தறதுக்கே என் மாமியா விட மாட்டா, இவன் வீட்டையே பேத்துத் தூக்கறேங்கறான்னாங்க. நாலு நாள் சாப்பிடாம கிடந்தாங்க. லோகு கெஞ்சினார், கத்தினார், கடைசியில அவரும் சாப்பிடாம ஆபீஸ் போனார். அஞ்சாம் நாள் காலையில அத்தையே எழுந்து குளிச்சுட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டாங்க. என்ன பண்ணினாங்க தெரியுமா உங்க பாட்டி? வீட்டைத் தவிட்டுக்கு வித்துட்டாங்க. நெசமாத்தான். சீக்காளிக் குழந்தையைத் தவிட்டுக்கு வித்துட்டு, இது எங்க குழந்தை இல்ல, வேற ஆளோடதுன்னு விதியை ஏமாத்துவாங்க இல்ல, அதே மாதிரி. மேஸ்திரியை ஒரு படி தவிடு வாங்கிட்டு வரச் சொல்லி, அதை முறத்துல வாங்கிக்கிட்டு, வெத்தலை பாக்கோட சாவியைக் கொடுத்து, "இன்னியிலேர்ந்து வீடு உங்களுது ஏழுமலை. உங்க வீட்டை நீங்க இடிக்கறீங்க, கட்டறீங்க, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. முடிஞ்சதும் திரும்ப வாங்கிக்கறோம்"னாங்க. மனுஷன் கையில சாவியோட முழிச்சார் பாரு. அன்னிலேர்ந்து ஆளுங்க எல்லாம் அவரை வீட்டுக்காரரேன்னுதான் கூப்பிடறாங்க. அவரும் காலையில வந்ததும் ஜன்னலுக்குக் கீழே நின்னு, "மாடிப் போர்ஷன்ல குடியிருக்கற அம்மா, தண்ணியெல்லாம் ஒழுங்கா வருதா?"ன்னு கேப்பார். இதையெல்லாம் நீ பொறந்ததும் உனக்குச் சொல்லணும்னு சேர்த்து வெச்சிருக்கேன். யாருகிட்டயும் சொல்லாம உனக்குன்னு. கேக்குதா? ஏய். கேக்குதா உனக்கு?

கையைக் கொஞ்சம் கீழே வெச்சுப் பார்க்கறேன். இங்கே கல்லு மாதிரி இருக்கு, இது உன் முதுகா? அழுத்தலாமா? மெதுவா ரெண்டு விரலால தட்டறேன், கதவைத் தட்டற மாதிரி. யாரும்மா வீட்ல? கதவுன்னதும் ஞாபகம் வருது, மேஸ்திரி எந்தக் கதவையும் தாழ்ப்பாள் போடாதீங்கன்னு சொல்லியிருக்கார், வீடு ஏறறப்போ சட்டம் இறுகிக்கும், அப்புறம் திறக்க வராது. நீ உள்ளே தாழ்ப்பாள் கீழ்ப்பாள் போட்டுக்கலையே. ஐயோ என்ன பேச்சு பேசறேன். வேற ஏதாவது நினைக்கணும். ஃபேன். ஃபேன் சுத்துது. ஃபேன் றெக்கையில தூசி. விசில் வந்து கொஞ்ச நேரமாச்சா? இல்ல, இப்பத்தான் ஊதினாங்க. நடுவுல கல்லு வெச்சு முட்டுக் கொடுக்கற சத்தம், டக் டக்னு, அது முடிஞ்சதும் மறுபடியும். வெல்லம் இன்னும் நாக்குல ஒட்டிட்டிருக்கு. எனக்கு இனிப்பே ஆகாது, வெல்லத்தை வாயில போட்டாலே குமட்டும். ஆனாலும் மூணு கட்டியையும் கடிச்சுத் தின்னுட்டேன் உனக்காக. இவ்வளவு இனிப்பு ரத்தத்துல வந்தா எந்தக் குழந்தையும் துள்ளணும். நீயும் என்னை மாதிரியே இனிப்பு பிடிக்காத ஜென்மமா? அப்படின்னா உனக்கு மிளகாய்ப்பொடியில்ல கொடுத்திருக்கணும்.

அத்தைகிட்ட வெல்லம் கேட்டதுதான் பெரிய பாடு. அவங்க மேலே வர்றதில்ல. வித்த வீட்டுக்குள்ளே எப்படிக் காலை வெக்கறதுங்கறது வெளியே சொல்ற காரணம். ஜாக்கி மேல நிக்கிற வீடு இடிஞ்சு விழுந்துடும்னு பயமும் இருக்கு, அதை ஒத்துக்க மாட்டாங்க. காம்பவுண்டு ஓரமா தகரக் கொட்டகை போட்டு, அங்கேயே சமையல், அங்கேயே படுக்கை. வீடு ஏற ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நான் அவங்களை நேர்ல பார்க்கலை, ஜன்னல் வழியா தலை வகிடு மட்டும்தான் தெரியுது. ஜன்னல் நெளிஞ்சுடும்னு கிரில்லைக் கழட்டி வெச்ச இடத்துல மேஸ்திரி ஒரு கப்பி மாட்டிக் கொடுத்திருக்கார். அத்தை கீழேர்ந்து கயித்தை இழுப்பாங்க, வாளி மேலே வரும், வாளிக்குள்ளே இட்லி, சட்னி, ரசம் சாதம், கீரை, மாத்திரை வேளைக்கு வெந்நீர். படுத்தபடியே கையை நீட்டி எடுத்துக்குவேன். காலையில வாளி வந்தப்போ, "அத்தை, ஏதாவது இனிப்பா இருந்தா அனுப்புங்களேன்"னு சொன்னேன். ரொம்ப சாதாரணமாத்தான் கேட்டேன். கீழே கயித்தோட ஆட்டம் நின்னுச்சு. அப்புறம், "வெல்லம்தான் இருக்கு"ன்னு குரல் வந்துச்சு. அனுப்பினாங்க. எதுக்குன்னு கேக்கலை. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன். சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நான் சொன்னா யாரு கேக்கறீங்க. அதுதான் வரும். அந்த ஒரு வாக்கியம். நான் சொன்னா யாரு கேக்கறீங்க.

போன தடவையும் அதைத்தான் சொன்னாங்க. முதல் தடவை ஒண்ணும் சொல்லலை. முதல் தடவை ரெண்டரை மாசத்துலயே போயிடுச்சு, பாத்ரூம்ல, நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அத்தைதான் வந்து பிடிச்சுக்கிட்டாங்க, என் துணியெல்லாம் அவங்கதான் அலசிப் போட்டாங்க, நான் வேண்டாம்னு கத்தினேன், கேக்கலை, திரும்பி நின்னு அலசிக்கிட்டே இருந்தாங்க. அன்னிக்குச் சாயங்காலம் மிளகு ரசம் சாதம் பிசைஞ்சு ஊட்டினாங்க. ரெண்டாவது தடவை அஞ்சாம் மாசம். அதைப் பத்தி நினைக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அதுக்கு விரல் நகம் எல்லாம் இருந்துச்சு. நினைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து இதே கட்டில்ல படுத்திருந்தப்போ அத்தை வாசப்படியில நின்னு, "மாடி எடுக்கறப்போ நிலை வெச்ச நேரம் சரியில்ல. அன்னிக்கே வேண்டாம்னேன். நான் சொன்னா யாரு கேக்கறீங்க"ன்னாங்க. என் குழந்தை செத்துப் போயிருக்கு, இவங்க நிலைக்கு நேரம் பார்த்துட்டிருக்காங்களேன்னு எனக்கு அப்படி ஒரு கோபம். இன்னும் தீரலை. மூணு வருஷமா அந்த வாக்கியம் தொண்டையில முள்ளு மாதிரி இருக்கு, சோறு இறங்கறப்போ எல்லாம் குத்துது. நல்ல அத்தைதான். தையல் போட்டுக்கிட்டு வந்த அன்னிக்கு என் தலைக்கு அவங்கதான் பேன் பார்த்து எண்ணெய் வெச்சுப் பின்னிவிட்டாங்க. ஆனா இன்னிக்கு உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, அவங்க திரும்ப வாசப்படியில நின்னு திரும்பவும் அதைச் சொன்னாங்கன்னா, நான் தாங்க மாட்டேன் மொச்சை. அதுக்காகவாவது உதை. வேற யாருக்காகவும் இல்லைன்னாலும் உங்க பாட்டி வாயை மூடறதுக்காகவாவது.

என்ன புத்தி எனக்கு. நீ உயிரோட இருக்கறதுக்கு இதுவா காரணம்? நீ உயிரோட இருக்கணும். அவ்வளவுதான். காரணமே வேண்டாம். யார் என்ன சொன்னாலும் சொல்லிட்டுப் போகட்டும், வீடு கூட வேண்டாம், தண்ணியிலயே இருந்துக்கலாம், உன்னை அலமாரி மேல தட்டுல தொட்டில் கட்டிப் போட்டுக்கறேன், அந்தத் தவளையோட விளையாடு. எனக்கு நீ வேணும். வேணும்னு வாய்விட்டுச் சொன்னா திருஷ்டி பட்டுடும்னு இத்தனை மாசமும் சொல்லாம இருந்தேன். எல்லார்கிட்டயும், பார்க்கலாம் பார்க்கலாம்னே சொல்லிட்டிருந்தேன். லோகு தொட்டில் வாங்கலாமான்னு கேட்டப்போ கூட, இப்ப என்ன அவசரம்னு எரிஞ்சு விழுந்தேன். அவர் முகம் சுருங்கிடுச்சு. இப்போ சொல்றேன், நல்லா கேட்டுக்கோ, எனக்கு நீ வேணும். இதை யாரு கேட்டாலும் பரவால்ல. லோகுவுக்கு ஃபோன் பண்ணலாமா? பண்ணினா அவ்வளவு தூரத்துலேர்ந்து பைக்ல பறந்து வருவார், இந்த லாரி போற ரோட்டுல. வேண்டாம். முழு நேரமும் ஆகட்டும். இன்னும் எவ்வளவு பாக்கி? கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்துட்டேன். பாதிக்கு மேல ஓடிப் போச்சு. உள்ளங்கை வேர்த்திருக்கு, வயித்து மேல வெச்ச கை வழுக்குது. நாற்காலியில தூக்கிட்டு இறங்கணும்னா மேஸ்திரிகிட்ட சொல்லணும், மேஸ்திரிகிட்ட சொன்னா அத்தைக்குத் தெரியும். எல்லா வழியும் அந்தத் தகரக் கொட்டகை வழியாத்தான் போகுது.

விசில் எங்கே? ரொம்ப நேரமா விசிலே வரலை. டக் டக்கும் காணோம். கலவை மெஷின் ஓடிட்டே இருந்துச்சே, அதுவும் நின்னுடுச்சு. டீ குடிக்கற நேரமா? இல்ல, டீ இப்பத்தான் முடிஞ்சுது. யாரோ இருமறாங்க, யாரோ "உஷ்"ங்கறாங்க. கீழே அத்தனை ஆளுங்க இருக்காங்க, ஒருத்தரும் பேசலை. ஜாக்கி ஏதாவது உடைஞ்சுடுச்சா? சுவர்ல பார், கோடு, கோடு விலகலை, அப்படியே இருக்கு. அப்போ என்ன? மேஸ்திரி குரல். "பார்த்து, பார்த்து. அந்தக் கல்லு ஆடும். கையைக் கொடுங்கம்மா." யாரை அம்மாங்கறார்? "விடுங்க, நான் ஏறிக்கறேன்." படியில காலடிச் சத்தம். ஒரு காலடி, ஒரு நிறுத்தம், ஒரு "முருகா". இன்னொரு காலடி, இன்னொரு "முருகா". முட்டி வலிக்காரங்க ஏறற ஏத்தம். எழுந்து உட்காரணும்னு தோணுது, உட்காரக் கூடாது. முகத்தைத் துடைச்சுக்கிட்டேன். சிரிக்கிற மாதிரி வெச்சுக்கலாம்னு பார்த்தா உதடு கேக்கலை.

வாசப்படியில நிக்கறாங்க. அதே இடம். புடவையைத் தூக்கிச் செருகியிருக்காங்க, பாதம் பூரா செம்மண்ணு, நிலையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, தரை எப்போ உள்வாங்குமோங்கற மாதிரி ஒரு காலை மட்டும் உள்ளே வெச்சு அழுத்திப் பார்க்கறாங்க. எவ்வளவு நாளாச்சு முகத்தைப் பார்த்து. இளைச்சுட்டாங்க. "எப்பலேர்ந்து?"ன்னாங்க. "என்னத்தை எப்பலேர்ந்து?" "நடிக்காதே பிரமிளா. எப்பலேர்ந்து அசையலை?" "உங்களுக்கு எப்படி..." "கல்யாணத்தன்னிக்கு குலாப் ஜாமூனை இலைக்கு அடியில தள்ளி ஒளிச்சு வெச்சவ நீ. பந்தியில நான் பார்த்துட்டுதான் இருந்தேன். நீ வந்து என்கிட்ட வெல்லம் கேட்டா எனக்கு விளங்காதா? அடுப்புல வெச்சதெல்லாம் தீய விட்டுட்டு இவ்வளவு நேரமா அந்தக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே நிக்கறேன், கூப்பிடுவ கூப்பிடுவன்னு. கூப்பிட்டியா நீ?" திட்டறாங்க. திட்டிக்கிட்டே உள்ளே வந்துட்டாங்க. வந்து கட்டில் ஓரத்துல உட்கார்ந்து என் நெத்தியைத் தொட்டுப் பார்க்கறாங்க, காய்ச்சலா இருந்தா பார்க்கற மாதிரி. இப்போ வரும். நான் சொன்னா யாரு கேக்கறீங்க. இப்போ வரப் போகுது. நான் கண்ணை மூடிக்கிட்டேன். "காலையிலேர்ந்து அத்தை. சிஸ்டர் ஒரு மணி நேரம் பார்க்கச் சொன்னாங்க. வீட்டால இல்ல அத்தை. சத்தியமா, வீட்டைத் தூக்கினதால இல்ல." சின்னப் பிள்ளை மாதிரி சொல்றேன். எனக்கே கேக்குது.

"வாயை மூடு. வீடாவது மண்ணாவது." அத்தைதான் பேசறாங்க. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவங்க என்னைப் பார்க்கலை, வயித்தைப் பார்த்துட்டிருக்காங்க. "லோகுவுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு போச்சுடி. அவனுக்கே தெரியாது. கொல்லையில கிணறு வெட்டினாங்க, அதனாலதான்னு என் மாமியா சொன்னா. அதை நான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். கிணத்தாலன்னு இருந்தா என்னால இல்லைன்னு ஆயிடும் இல்ல? ராத்திரியில அதைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்குவேன். கிணத்தால போச்சு, கிணத்தால போச்சுன்னு." மூச்சு வாங்கறாங்க, படி ஏறினது இன்னும் அடங்கலை. "அன்னிக்கு நீ இந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு, நான் பஸ்ல போயிருக்கக் கூடாது, நான் பக்கெட்டைத் தூக்கியிருக்கக் கூடாதுன்னு புலம்பிட்டிருந்த. எனக்கு வயிறு எரிஞ்சுது. பழியை உன் மேல போட்டுக்காதேடின்னு சொல்லத் தெரியலை. தூக்கி நிலை மேல போட்டேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

நிலை மேல போட்டாங்களாம். மூணு வருஷம். நான் பஸ்ஸுன்னும் பக்கெட்டுன்னும் புலம்பினேனா? எனக்கு ஞாபகமே இல்ல. எனக்கு அவங்க சொன்னதுதான் ஞாபகம் இருக்கு, நான் சொன்னது இல்ல. முள்ளு இருந்த இடத்துல என்னமோ பண்ணுது, அழுகை பொத்துக்கிட்டு வருது, அழுதா வயிறு குலுங்குமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு அழறேன். "அத்தை, பயமா இருக்கு அத்தை." "எனக்கும்தான்." அப்படின்னு சொல்லிட்டு அவங்க தலையைச் சாய்ச்சு என் வயித்து மேல காதை வெச்சாங்க. நரைச்ச முடி, கொட்டகைப் புகை வாசனை, தேங்காயெண்ணெய். கன்னம் சுடுது. கீழே ஒரு சத்தம் இல்ல. அவங்கதான் சொல்லிட்டு வந்திருக்காங்க, எவனும் மூச்சு விடக் கூடாதுன்னு, என் பேரப்பிள்ளை சத்தம் எனக்குக் கேக்கணும்னு. அத்தனை ஆளுங்களும் ஜாக்கியைப் பிடிச்சபடி அப்படியே நிக்கறாங்க. வீடும் நிக்குது. "ஏ கழுதை"ங்கறாங்க அத்தை வயித்தைப் பார்த்து, ரொம்ப மெதுவா, உள்ளே தூங்கறவங்களை எழுப்பற குரல்ல. "உங்கம்மாவைப் பாடாப் படுத்தறியே. என்ன கோபம் உனக்கு? யார் மேல கோபம்? என் மேலயா? கோபம்னா என்னை உதை. இந்தா, என் கன்னம் இங்கேதான் இருக்கு. உதை பார்ப்போம்." நான் மூச்சை நிறுத்திட்டேன். அத்தையும் நிறுத்தியிருக்காங்க. ஃபேன் கூட இரைச்சலா இருக்கு. ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்ல. அவங்க கண்ணுலேர்ந்து தண்ணி என் நைட்டியில இறங்குது, சூடா. ஒண்ணும் இல்ல.

அப்புறம் அடியில எங்கேயோ ஒரு புரளல். நான்தான் நினைச்சுக்கறேனோ? இல்ல, இதோ. மெத்தைக்குள்ளே யாரோ திரும்பிப் படுக்கற மாதிரி. முதுகு நகருது, என் கைக்கு அடியிலேயே நகருது, நகர்ந்து, காலை மடக்கி, ஒண்ணு விட்ட பாரு மொச்சை, நேரா, அவங்க காதுலயே. அத்தை "ஆ"ன்னு தலையைத் தூக்கிட்டாங்க. காதைத் தேய்ச்சுக்கறாங்க, என்னைப் பார்க்கறாங்க, வாயைத் திறந்து மூடறாங்க, சிரிப்பா அழுகையான்னு அவங்களுக்கே தெரியலை. மறுபடியும் ஒண்ணு. மறுபடியும். தூங்கித்தான் இருந்திருக்க, படுபாவி, நல்லாத் தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கற. என் செல்லமே. என் கண்ணே. என்னைப் பெத்த தாயே. "உதைச்சுட்டுது பிரமிளா, செவுட்டுலயே விட்டுடுச்சு"ன்னு சொல்லிட்டு அத்தை என் முகத்தை ரெண்டு கையாலயும் வழிச்சு நெறிச்சாங்க, எல்லா விரலும் சொடக்கு விட்டுச்சு. "சிஸ்டர்கிட்ட சொல்லிடு. நாளைக்கு டாக்டரம்மாவை இங்கே வந்து பார்த்துட்டுப் போகச் சொல்லு, லோகு போய்க் காலைப் பிடிச்சாவது கூட்டிட்டு வரட்டும். இனிமே வெல்லம் வேணும்னா வெல்லம்னு மட்டும் சொல்லாதே, எதுக்குன்னும் சொல்லு, புரிஞ்சுதா?" தலையாட்டறேன். தலையாட்டிக்கிட்டே இருக்கேன்.

கீழேர்ந்து மேஸ்திரி குரல் பயந்து பயந்து வருது. "அம்மா... என்னம்மா ஆச்சு?" அத்தை என் கையை விடாமலே ஜன்னல் பக்கம் திரும்பி, "உதைக்குதுய்யா!"ன்னு கத்தினாங்க. கீழே ஒரே கூச்சல், எவனோ விசிலடிக்கிறான், மேஸ்திரியோட விசில் இல்ல, வாயால அடிக்கிற விசில். கம்பியைக் கல்லுல தட்டறாங்க. பேர் கூடத் தெரியாத ஆளுங்க, உனக்காகத்தான் அத்தனை நேரமும் நின்னிருக்காங்க. கூச்சல் அடங்கினதும் மேஸ்திரி திரும்பவும் கேக்கறார். "சந்தோஷம்மா. அப்போ வேலையை ஆரம்பிக்கலாங்களா? ஆளை அனுப்பறேன், உங்களைக் கையைப் பிடிச்சு இறக்கி விடட்டும். நீங்க இறங்கினதுக்கப்புறம் தூக்கிக்கறோம்." அத்தை தரையைப் பார்த்தாங்க. வாசப்படியைப் பார்த்தாங்க. மண்ணுக் காலைப் புடவைத் தலைப்பால துடைச்சு, கட்டில் மேல தூக்கி வெச்சு, செங்கல் உயரத்துல சரிஞ்ச அந்த மெத்தையில எனக்குப் பக்கத்துல ஒருக்களிச்சுப் படுத்துட்டாங்க. ஒரு கையால கட்டில் சட்டத்தை அப்படி இறுக்கிப் பிடிச்சிருக்காங்க, நரம்பு தெரியுது. இன்னொரு கை உன் மேல.

"எவ இறங்குவா?" ஜன்னலைப் பார்த்துக் கத்தறாங்க. "தூக்குய்யா. உள்ளே மூணு பேர் இருக்கோம், மெதுவாத் தூக்கு."